ஒரு துளி எண்ணெய் படாத பேப்பர்

ரெஜினாவுக்கும் அன்ரனுக்கும், உங்களைப் போலவே அண்மையில் ஸ்பானர் பிடிக்கத் தொடங்கியிருக்கும் உங்கள் சிநேகிதப் பிள்ளைகளுக்கும்,

உங்களுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வாசிக்க வரும் என்று தெரியும். ஆகவே சின்னச் சின்ன வசனமாக எழுதுகிறேன். எனக்கும் அதுதான் சுலபம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

ரெஜினா பஸ் டிப்போவில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்ரன் லிப்ட் திருத்தும் இடத்தில் பயிலுனர். "அப்பா, உங்கட வேலையில நடந்ததுகளை எழுதித் தாங்கோ, நாங்கள் வாசிச்சுப் பழகிறம்" என்று ரெஜினா கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நான் பிந்தியதற்குக் காரணம் சோம்பல் இல்லை. எந்த இடத்தில் தொடங்கினாலும் அது ஒரே கதைக்குத்தான் போய் முடிந்தது. அந்தக் கதையைத் தவிர்த்து எழுதப் பார்த்தேன். முடியவில்லை.

அந்தக் கதையின் பாதி உங்களுக்குத் தெரியும். தாஸ் மாமா வடகோடிப் பாட்ஸ்பியோர்டிலிருந்து ஒஸ்லோவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லுவார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான் சொல்லுவார். "உங்கட கொப்பர் அண்டைக்கு மீட்புக்காரரை உடன கூப்பிடச் சொல்லியிருக்காட்டி நான் அந்த மலையில விறைச்சுப்போய்க் கிடந்திருப்பன். விளங்குதோ? இந்த மனிசன் தந்த உயிர் இது." பிறகு இடது சப்பாத்தைக் காட்டிச் சிரிப்பார். "ரெண்டு விரல்தானே. மிச்சம் எட்டுக் கிடக்கு."

நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் தலையைக் குனிவேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

ஐந்து வருடமாக அந்த நன்றியை வாங்கிக்கொண்டிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. முதுகு வலி சுடுதண்ணிப் பையோடு கொஞ்சம் குறைகிறது. இந்தக் களைப்புக் குறையவில்லை. இனி மற்றப் பாதியைச் சொல்கிறேன்.

முதலில் எனக்கு வேலை பழக்கியவவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுதவில்லை. அவவுக்கு அது பிடிக்காது.

பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டும் வேலையை விட்டு ஒஸ்லோவுக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பதுக்குக் கிட்ட. புல் வெட்டும் மெஷின், மரம் அரியும் வாள், பனி தள்ளும் மெஷின், ஸ்னோ ஸ்கூட்டர், இப்படிச் சின்ன எஞ்சின்கள் திருத்தும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவ என்னைவிடப் பதினைந்து வயது இளையவ. நோர்வேக்காரி. அதிகம் கதைக்க மாட்டா. அவவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வேலையின் நடுவில் எழும்ப வேண்டி வந்தால், அது ரெலிபோனுக்கோ கோப்பிக்கோ, ஒரு சிவப்புத் துணியை எடுத்து அந்த மெஷினின் கைபிடியில் கட்டிவிட்டுத்தான் போவா. திரும்பி வந்து துணியைக் கண்டால் விட்ட இடத்தில் தொடங்க மாட்டா. முதலில் இருந்து தொடங்குவா. இறுக்கிய ஆணியையும் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பார்ப்பா. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. ஒரு கோப்பிக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஒரு கிழவர் திருத்தக் கொடுத்த மரம் அரியும் வாளை வாங்கிக்கொண்டு போனார். அவர் போய் அரை மணித்தியாலம் இருக்கும். இவ மேசையில் ஒரு சின்ன நட்டைக் கண்டா. அந்த வாளின் சங்கிலியை நிறுத்தும் பிரேக்கில் இருக்க வேண்டிய நட் அது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ரெலிபோனை எடுத்தா. "அதைத் தொடாதேங்கோ. பிழை என்னுடையது. நான் வருகிறேன்." மூன்றே வசனம். வைத்துவிட்டா. கார்த் திறப்பை எடுத்தா.

மாலையில் திரும்பி வந்தபோது நான் கேட்டேன், அப்படிச் சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கவில்லையா என்று. அவ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னா: "இருந்தது. ஆனால் வெட்கம் எனக்கு, கால் அவருக்கு."

இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.

இப்போது தாஸ் மாமா. மன்னார்க்காரன். ஊரில் அவுட்போட் மெஷின் பூட்டிய வள்ளத்தில் தொழில் செய்தவன். பாட்ஸ்பியோர்டில் நானும் அவனும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று மீன் வெட்டினோம். நான் தெற்கே வந்துவிட்டேன். அவன் அங்கேயே நின்றுவிட்டான். முப்பது வருடம் குளிர்ந்த மீனைப் பிடித்துப் பிடித்து அவனுடைய விரல்கள் மடங்காமல் போய்விட்டன. போத்தல் மூடியைத் திறக்க மனைவி பிலோமி மாமியிடம் கொடுப்பான்.

ஐந்து வருடத்துக்கு முந்தி அவனுடைய மகளின் பிள்ளைக்கு இங்கே ஒஸ்லோவில் அம்மருட் பக்கம் ஞானஸ்நானம். உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டு கிழமை. அதற்கு வந்த இடத்தில், இங்கே யாரோ விற்க வைத்திருந்த பழைய ஸ்னோ ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிட்டான். ஒஸ்லோவில் அது ஒரு மூலையில் கிடக்கும் சாமான். அவனுக்கு அங்கே ஏரிக்குப் போய்ப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்க அதுதான் வழி. பழைய எஞ்சின். அதில் எண்ணெய்க்குத் தனித் தாங்கி கிடையாது. பெற்றோலோடு எண்ணெயை நாங்களே அளந்து கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் காய்ந்து இறுகிவிடும்.

"மச்சான்," என்றான் தாஸ், கராஜில் அந்த மெஷினைச் சுற்றி நடந்துகொண்டு, "அந்தக் குளிருக்குள்ள நிண்டு அளந்து கலக்க இந்தக் கையால ஏலாது. கண்ணும் முந்தியப்போல இல்லை. இதுக்கு ஒரு எண்ணெய்ப் பம்பைப் பூட்டித் தாவன்? தானாய்க் குடிக்கட்டும்."

"புது மெஷின் வாங்கியிருக்கலாமே?"

"புதுசுக்கு நீ தேவையில்லையே."

அப்படித்தான் அவன் கேட்பான். எப்படி இல்லை என்பது?

பட்டறையில் கழித்துப் போட்ட அதே இன எஞ்சின் ஒன்று கிடந்தது. கேட்டு அதிலிருந்து பம்பையும் சின்னத் தாங்கியையும் கேபிளையும் கழற்றி வந்தேன். மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் கராஜில், வேலை முடிந்து வந்த பின்னேரங்களில், ஒரு கிழமை அதோடு கிடந்தேன். எப்படிப் பூட்டினேன் என்று எழுதப் போவதில்லை. பூட்டியதில் பிழை இல்லை. உங்களுக்கு விளங்க வேண்டியது இரண்டு விசயம்தான்.

ஒன்று. புதிதாகப் பூட்டிய பம்புக்குள்ளும் ரியூபுக்குள்ளும் காற்று நிற்கும். காற்று நின்றால் எண்ணெய் போகாது. ஆகவே பம்பில் உள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வெளியே வரும்வரை வடிய விட வேண்டும். அதற்குக் கீழே ஒரு பேப்பரை விரிப்போம், நிலத்தில் சிந்தாமல் இருக்க.

இரண்டு. காற்று எடுத்த பிறகும் நம்பக் கூடாது. முதல் தாங்கிப் பெற்றோலுக்குப் பழையபடி எண்ணெய் கலந்துதான் ஓட வேண்டும். எண்ணெய்த் தாங்கியில் பேனையால் ஒரு கோடு போட்டு வைப்போம். எண்ணெய் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வெறும் பெற்றோல்.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு மெஷினை ஏற்ற லொறி வருவதாக இருந்தது. தாஸ் குடும்பம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, பயணம் சொல்லிக்கொள்ள. அவன் வடக்கிலிருந்து கொண்டுவந்த பெரிய நண்டின் கால்களைப் போட்டு உங்கள் அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினா. ஞாபகம் இருக்கும். ரெஜினா, நீதான் கிண்ணங்களை அடுக்கினாய்.

நான் கராஜில் நின்றேன். கோடு போட்டாயிற்று. கலந்த பெற்றோல் ஊற்றியாயிற்று. பம்புக்குக் கீழே பேப்பரை விரித்தேன். சின்னத் திருகாணியில் ஸ்குரூட்றைவரை வைத்தேன்.

"என்னப்பா, எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம்!" என்று உங்கள் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டா. "கூழ் ஆறினா ஆர் குடிக்கிறது?"

"அஞ்சு நிமிசம்."

தாஸும் வந்து நின்றான். "மச்சான், மெஷின் இஞ்சைதான் நிக்கும். கூழ் நிக்காது. அங்கை என்ர மருமகன் பெரிய கிண்ணத்துக்குக் கை நீட்டியிட்டான்."

கூழ் என்றால் உங்களுக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாக இருந்து சூட்டோடு குடிப்பது. ஒருவன் வரவில்லை என்றால் மற்றவர்கள் வாய் வைக்க மாட்டார்கள். ஸ்குரூட்றைவரைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவினேன். பட்டறையாக இருந்திருந்தால் சிவப்புத் துணி கட்டியிருப்பேன். எத்தனையோ வருடம் அங்கே நான் அதைக் கட்டியிருக்கிறேன். ஆனால் இது வீடு. இது எங்கள் ஆளுக்குச் செய்யும் உதவி. வீட்டில் செய்யும்போது அது வேலை போலவே தெரிவதில்லை, பிள்ளைகளே. அங்கேதான் நான் விழுந்தேன்.

முதல் கிண்ணம் முடியவில்லை, வெளியே ஹோர்ன் கேட்டது. லொறி ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டது. சாரதிக்கு இன்னும் இரண்டு இடம் போக வேண்டுமாம். பத்து நிமிடம்தான் நிற்பானாம். எல்லாரும் எழும்பி ஓடினோம். கிண்ணத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். நான் அந்த அவசரத்தில், தொடாமல் விட்ட திருகாணியை நினைக்காமலே, எஞ்சின் மூடியைப் பூட்டினேன். ஒருமுறை ஸ்ராட் பண்ணிக் காட்டு என்றார்கள். இழுத்தேன். பிடித்தது. நீலப் புகை கிளம்பியது.

"பாத்தியே, எண்ணெய் குடிக்குது!" என்று தாஸ் கத்தினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

அது பம்பிலிருந்து வந்த எண்ணெயின் புகை இல்லை. நான் பெற்றோலில் கலந்திருந்த எண்ணெயின் புகை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் சிரித்தேன். கை தட்டுகிற நேரத்தில் மூடியைத் திரும்பத் திறப்பது சுலபமில்லை.

சாரதி தாங்கியைத் தட்டிப் பார்த்தான். பெற்றோலோடு ஏற்ற மாட்டேன் என்றான். அது சட்டம். கலந்த பெற்றோல் முழுவதையும் கலனுக்குள் எடுத்தோம். நான் தாஸிடம் சொல்லத் தொடங்கினேன்: "அங்கை போன உடன முதல் தாங்கிக்கு நீ..." யாரோ குழந்தையை என் கையில் தந்து, "அங்கிள், இஞ்சை பாருங்கோ" என்று படம் எடுத்தார்கள். திங்கள்வரை இங்கேதானே நிற்பான், ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டேன். திங்கள் அவன் விமானம் ஏறினான். நான் வேலையில் நின்றேன். அவன் ரெலிபோன் எடுத்து, "போட்டு வாறன் மச்சான்" என்றான். "போட்டு வா" என்றேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜைக் கூட்டப் போனேன். மேசையடியில் அந்தப் பேப்பர் கிடந்தது. இலவசமாக வரும் விளம்பரப் பேப்பர். மெத்தைக் கதிரை விற்கும் பக்கம் மேலே தெரிந்தது. குனிந்து எடுத்தேன்.

காய்ந்து கிடந்தது. ஒரு துளி எண்ணெய் இல்லை.

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் ஒரு மனிசன் தனக்கு விளங்கியதைத் தானே எப்படிக் குழப்புவான் என்று அன்று கண்டேன். வேறு பேப்பர் மாற்றி விரித்திருப்பேனோ? கூழுக்குப் போவதற்கு முந்தியே ஒருமுறை காற்று எடுத்திருப்பேனோ? ஸ்ராட் பண்ணும்போது காற்றுத் தானாக வெளியேறியிருக்குமோ? அப்படிச் சிலவேளை நடக்கும். மெஷின் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது என்று தாஸ் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தான். சனிக்கிழமை ஏரிக்குப் போவதாகவும் சொல்லியிருந்தான். ரெலிபோனைக் கையில் எடுத்தேன். அவன் அங்கே ஊரெல்லாம் "ஒஸ்லோவில என்ர ஆள் பூட்டித் தந்தது" என்று சொல்லித் திரிகிறான் என்று பிலோமி மாமி உங்கள் அம்மாவுக்குச் சொல்லியிருந்தா. காலையில் எடுப்போம் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எடுத்தேன். பிலோமி மாமிதான் எடுத்தா.

"அண்ணையோ! என்ன விடியவே?"

"தாஸ் நிக்கிறானோ?"

"இப்பதான் வெளிக்கிட்டு வாசல்ல நிக்கிறார். ஹெல்மெற்றும் போட்டாச்சு. வெளிக்கிட்டவரை மறிக்கப்படாதெண்டு பாக்கிறன். அவசரமோ அண்ணை? கூப்பிடட்டோ?"

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். நீங்கள் இங்கே பிறந்தவர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் பயணம் வெளிக்கிட்டால் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டோம். கடலுக்கு இறங்குகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். அப்படிக் கூப்பிட்டால் அவன் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணி குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். பூசைக்குப் போகிற கத்தோலிக்கரான நாங்களும் இதை விடவில்லை. பிலோமி மாமி கேட்டது அந்தப் பழக்கத்தில்தான். "ஓம், கூப்பிடுங்கோ" என்று நான் சொல்லியிருந்தால் உடனே கூப்பிட்டிருப்பா. பழக்கத்தில் குற்றம் இல்லை. எனக்கு ஒளிய ஒரு இடம் தேவையாக இருந்தது. அவ அறியாமல் அதைக் காட்டிவிட்டா.

"இல்லையில்லை," என்றேன். "சும்மா எடுத்தனான்."

ரெலிபோனுக்குள்ளே எஞ்சின் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குதே அண்ணை? உங்கட மெஷின் பாடுது!"

அந்த எஞ்சினுக்குள் போனது வெறும் பெற்றோல்.

வைத்துவிட்டு ஐந்து நிமிடம் இருந்தேன். பிறகு தாஸின் ரெலிபோனுக்கு எடுத்தேன். முதல் மலையைத் தாண்டினால் அங்கே தொடர்பு கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் பிலோமிக்கு எடுத்து, வந்த உடனே எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ என்றேன். அப்போதும் காரணம் சொல்லவில்லை. உங்கள் அம்மா இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டா. வயிறு சரியில்லை என்றேன்.

நாலரை மணிக்குப் பிலோமி எடுத்தா. மூன்று மணிக்கு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. காற்று எழும்பிவிட்டது, பனி கிளம்புகிறது, எதிர்ப்பக்க மலை தெரியவில்லை என்றா. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்ப்போமா என்று யோசிக்கிறாவாம்.

"மீட்புக்காரருக்கு எடுங்கோ," என்றேன். "இப்பவே."

"ஒண்டரை மணித்தியாலம்தானே அண்ணை. அவையளைக் கூப்பிட்டாப் பிறகு அவர் மீனோட வந்து நிண்டா வெக்கமெல்லோ."

"வெக்கத்தை எனக்கு விடுங்கோ, பிலோமி. எந்த ஏரி, எந்த வழி எண்டு சொல்லுங்கோ. மெஷினில ஏதும் பிழை இருக்கலாம் எண்டும் சொல்லுங்கோ. வையுங்கோ, எடுங்கோ."

அவ உடனே வைக்கவில்லை. பிறகு கேட்டா.

"அண்ணை, காலமை இதுக்கோ எடுத்தனீங்கள்?"

பிள்ளைகளே, காற்று எடுக்காமல் விட்டது கவனக் குறைவு. அதை யாரும் செய்யலாம். நீங்களும் செய்வீர்கள். காலையில் "சும்மா" என்றது கோழைத்தனம். அதற்கும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு என்ன சாட்டைச் சொல்வது என்று ஐந்து வருடமாக எனக்குத் தெரியவில்லை.

"இல்லை பிலோமி," என்றேன். "அது சும்மா."

ஏழு மணி போல அவனைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாதத்தில் அங்கே நல்ல வெளிச்சம், அது அவனுக்கு உதவியது. போகும் வழியில், ஏரிக்குக் கிட்டவே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னேரம்வரை அதோடு மினக்கெட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவன் திரும்பி நடக்கத் தொடங்கியிருக்கிறான். பனிக்கடியில் ஓடிய ஒரு ஓடைக்குள் இடது கால் இறங்கிவிட்டது. நனைந்த சப்பாத்தோடு, முன்னுக்கு இருப்பது தெரியாத காற்றுக்குள், மூன்று மணித்தியாலம். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று தேடிப் போனவர்கள் பிலோமியிடம் சொன்னார்களாம். இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது.

வெட்கம் எனக்கு, கால் அவனுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனே எடுத்தான். "மச்சான், நீ உடன கூப்பிடச் சொன்னியாம். பிலோமி எண்டா பக்கத்து வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ஆறு மணிவரை பாத்திருப்பாள்."

"தாஸ், அந்த மெஷின்..."

"அதை விடு. பழைய எஞ்சின், பழைய பம்ப். செத்துப்போச்சு. நீ என்ன செய்யிறது?"

அவன் வாயாலேயே எனக்கு ஒரு கதையைத் தந்துவிட்டான். நான் வாங்கிக்கொண்டேன். மெஷினை இழுத்து வந்து கழிவுக்குப் போட்டார்கள். ஒருவரும் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், தாங்கியில் எண்ணெய் நான் போட்ட கோட்டிலேயே நிற்பதைக் கண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு என் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. பட்டறையில் சின்ன வேலைக்கும் சிவப்புத் துணி கட்டினேன். மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். ஒரு துருக்கிக்காரப் பெடியன் நான் கழிப்பறைக்குப் போகும்போது என் கதிரையில் ஒன்றைக் கட்டி வைத்தான். நானும் சிரித்தேன். ஆனால் துணி கட்டுவது எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை. கையைத் திருத்திவிட்டேன், வாயைத் திருத்தவில்லை.

உங்களுக்கு வரப்போவதும் இதுதான். ரெஜினா, பஸ்சின் பிரேக்கை நீ சரியாகத்தான் பூட்டுவாய். நூற்றில் ஒரு நாள், பூட்டினேனா என்று உனக்கே சந்தேகம் வரும். அப்போது பஸ் வெளியே போயிருக்கும். ஆட்கள் ஏறியிருப்பார்கள். மேலாளர் உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நாளாகத்தான் அது இருக்கும். அன்ரன், லிப்ட் ஓடத் தொடங்கி, கீழே நிற்கிற கிழவி உனக்கு நன்றி சொல்லும்போதுதான் உனக்கு அந்த யோசனை வரும். உங்கள் இருவருக்கும் எஞ்சினைப் பற்றிச் சொல்ல என்னிடம் இனி ஒன்றும் இல்லை. இப்போது எல்லாம் மின்சாரம், எனக்கு அது விளங்காது. அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியும். காரணங்கள் வரிசையாக வரும். எல்லாம் நல்ல காரணமாக இருக்கும். யாரோ ஒருவர் அன்பாகக் கதவைத் திறந்து, "அவசரமோ?" என்று கேட்பார்.

இவ்வளவையும் எழுதி முடித்து இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். உங்களுக்குக் கொடுத்தால் நீங்கள் தாஸ் மாமாவைக் காணும்போது உங்கள் முகமே சொல்லிவிடும். உங்களுக்கு முதல் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. வேலையில் இவ்வளவு காலம் இருந்தவனுக்கு இது கடைசியாகத்தான் வருகிறது பாருங்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. காலை பத்து மணி. அந்தப் பேப்பரை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அதை நான் எறியவில்லை. கருவிப்பெட்டியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்தேன். ஓரம் மஞ்சளாகியிருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

பிலோமி எடுத்தா. குரல் பழையபடிதான்.

"அண்ணையோ! என்ன, சும்மாவோ?"

"சும்மா இல்லை, பிலோமி. தாஸ் நிக்கிறானோ?"

"அவரோ? கடைக்கு வெளிக்கிட்டு வாசல்ல நிக்கிறார். வந்தாப்போல எடுக்கச் சொல்லட்டே?"

"இல்லை. மறியுங்கோ."

"என்ன அண்ணை?"

"அவனை ஒருக்கா மறியுங்கோ, பிலோமி. நீங்களும் பக்கத்தில இருங்கோ. ரெண்டு பேருக்கும் சொல்ல வேணும்."

அவ ரெலிபோனை வைத்துவிட்டுக் கூப்பிடுவது கேட்டது. பனிச் சப்பாத்தின் சத்தம் உள்ளே வந்தது. ஒரு கால் பாரமாக, மற்றக் கால் கொஞ்சம் இழுத்து.

"என்ன மச்சான்? ஆருக்கும் ஏதுமோ?"

"தாஸ், அந்தப் பம்ப் சாகேல்லை. நான் காத்து எடுக்கேல்லை. கூழுக்கு எழும்பிப் போனனான், திரும்பி வந்து செய்யேல்லை. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். நீ வாசல்ல நிண்ட அண்டைக்கு அதுக்குத்தான் எடுத்தனான். பிலோமி கேட்டவ. நான் இல்லையெண்டு பொய் சொன்னனான்."

சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டது. அவனுடைய விரல்களுக்கு அது நேரம் எடுக்கும். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து மற்றது. கதிரை நிலத்தில் இழுபட்டது.

"சரி," என்றான் தாஸ். "இருந்திட்டன். முதல்ல இருந்து சொல்லு."